குரங்கைப் பிடித்து வேறு ஊரில் விடுவது தீர்வா? தென்னையும் தோட்டமும் வைத்திருப்பவர்கள் கதையுங்கள்

1. நெடுங்கேணிக்கமம் (வவுனியா வடக்கு)

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு மேட்டுக்காணி. தென்னை, கச்சான், மாரி மழைக்குச் சோளம், வீட்டோடு கொஞ்சம் வாழையும் பப்பாசியும். முன்பெல்லாம் யானைக்குத்தான் காவல். இப்போது யானை எப்போதாவது வருகிறது, குரங்கு ஒவ்வொரு நாளும் வருகிறது. யானை உடைத்தால் கிராம உத்தியோகத்தரைக் கூட்டிவந்து காட்டி நட்டஈட்டுக்கு எழுதிப் போடலாம். குரங்குக்கு எழுதப் போனால் அதற்கெல்லாம் படிவம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பசிக்குத் தின்றால்கூடப் பொறுக்கலாம். தென்னையில் ஏறினால் குரும்பட்டியைப் பிய்த்துக் கொட்டும். இளங்காயை ஒரு கடி கடித்து எறிந்துவிட்டு அடுத்ததைப் பிடுங்கும். சோளம் பால் பிடிக்கும் நேரம் எங்களைவிட அதற்குத்தான் நன்றாகத் தெரியும். கச்சான் விதைத்த கையோடு கிண்டி விதையை எடுத்துவிடும், முளைக்காத வரிசையைப் பார்த்த பிறகுதான் வந்துபோனதே விளங்கும். யானைவெடி போட்டோம். முதலில் ஓடியது, பிறகு சத்தம் கேட்டால் பக்கத்து மரத்தில் ஏறி உட்கார்ந்து பார்க்கிறது. வெருளிக்கும் அதே கதிதான்.

ஊருக்குள் ஒரு கதை உலாவுகிறது. வேறு மாவட்டத்தில் பிடித்த குரங்குகளை இரவில் லொறியில் கொண்டுவந்து எங்கள் பக்கத்துக் காட்டோரம் இறக்கிவிடுகிறார்களாம். நான் கண்ணால் காணவில்லை. ஆனால் ஆளைக் கண்டு அஞ்சாத, வீட்டுக் கதவைத் திறக்கத் தெரிந்த கூட்டம் ஒன்று புதிதாக நிற்பது உண்மை.

மற்ற இடங்களில் எப்படி? பிடித்துக் கொண்டுபோய் விட்டால் குறைகிறதா? யாராவது உருப்படியாக ஏதாவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

2. கொடிகாமத்தான் (தென்மராட்சி)

தம்பி, உந்தக் கதையெல்லாம் எதற்கு? சுட வேண்டியதுதான். தென்மராட்சியில் என்னுடைய சின்ன வயதில் குரங்கைப் பார்க்க வேண்டுமென்றால் வன்னிக்குப் போக வேண்டும். இப்போது மாங்காய் முற்ற முதல் மரத்தில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. பலாவைத் தோண்டித் தின்கிறது. ஓட்டைக் கழற்றிக்கொண்டு அடுப்படிக்குள் இறங்குகிறது. 2023இல் குரங்கையும் மயிலையும் பன்றியையும் பாதுகாப்புப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டதாகப் பத்திரிகையில் வந்ததே. பிறகென்ன தயக்கம்?

3. நெடுங்கேணிக்கமம்

ஐயா, சுடுவதற்குத் துவக்கு வேண்டுமே. சண்டைக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருக்கும் கமக்காரர் எத்தனை பேர்? அது கிடைத்தாலும் எங்கள் ஊரில் ஒருவரும் சுட மாட்டார்கள். அனுமாருக்கு வடைமாலை போட்டுவிட்டு வந்து எப்படிச் சுடுவது என்று என் மாமியாரே கேட்கிறார். கல்லெறிவார், திட்டுவார், சாகடிக்க விடமாட்டார்.

4. சோலைக்காடு (பேராதனை)

விலங்கியல் படித்தவன் என்ற முறையில் சில விஷயங்கள். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எந்தக் குரங்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இலங்கையில் காட்டுக் குரங்கினம் மூன்று பகலில் நடமாடுகின்றன. சிங்களவர் ரிலவா என்று சொல்லும் செங்குரங்கு ஒன்று. தலைமயிர் நடுவில் வகிடெடுத்துத் தொப்பி வைத்ததுபோல் இருக்கும், கன்னத்தில் பை இருக்கும். மற்ற இரண்டும் மந்தி வகை, வால் நீளம். சாம்பல் மந்தி உங்கள் வன்னியிலும் இந்தியாவிலும் உண்டு. ஊதாமுக மந்தி இலங்கையில் மட்டும்தான் உண்டு, பெரும்பாலும் இலையும் காயும் தின்பது. செங்குரங்கும் இலங்கைக்கு மட்டுமே உரியது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அது அருகிவரும் இனம்.

அருகிவரும் இனம் எப்படி உங்கள் வளவில் கூட்டமாக நிற்கிறது என்று கேட்பீர்கள். காட்டில் அதற்கு வாழ்க்கை எளிதல்ல. பொலன்னறுவையில் வொல்ஃப்காங் டிட்டஸ் என்ற விலங்கியலாளர் 1968 முதல் ஒரே குரங்குக் கூட்டங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து எழுதிவந்தவர். அவர் கண்டதில் முக்கியமானது, பிறக்கும் குட்டிகளில் மிகப் பெரும்பாலானவை வளர்ந்து ஆளாகும் முன்பே இறந்துவிடுகின்றன என்பது. உணவுக்குத் தட்டுப்பாடு வந்தால் கூட்டத்தில் கீழ்நிலையில் உள்ள பெண் குட்டிகளைத்தான் மற்றக் குரங்குகள் முதலில் விலக்கித் தள்ளும், அவை மெலிந்து சாகும். காட்டில் தொகை கூடாமல் இருப்பது அதனால்தான். ஒரு தாய் ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான் ஈனும். ஆனால் அந்தக் குட்டி சாகாமல் இருந்தால்? விடுதிக் குப்பை, கோயில் பழம், சுற்றுலாப் பயணி எறியும் பிஸ்கட், திறந்து கிடக்கும் நகரசபைக் குப்பைமேடு, அப்புறம் உங்கள் சோளம். இவை கிடைக்கும் இடத்தில் குட்டி பிழைக்கிறது, கூட்டம் பெருக்கிறது, பெருத்த கூட்டம் இரண்டாகப் பிரிகிறது.

கன்னப் பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் தோட்டத்துக்குள் அது இருந்து சாப்பிடத் தேவையில்லை. ஓடிவந்து பையை நிரப்பிக்கொண்டு மரத்தில் ஏறி ஆறுதலாக மெல்லும். நீங்கள் விரட்டுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. வெடி போட்டு விரட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இடம் மாற்றுவது பற்றி: பெண் குரங்குகள் பிறந்த கூட்டத்தோடே வாழ்நாள் முழுக்க இருக்கும், ஆண்கள்தான் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போகும். கூட்டில் அகப்பட்டதைப் பிடித்து வேறு காட்டில் விட்டால் தாயும் குட்டியும் பிரியும், புதிய இடத்தில் ஏற்கெனவே உள்ள கூட்டம் அடித்து விரட்டும். விரட்டப்பட்டது எங்கே போகும்? அதற்குத் தெரிந்த உணவு வீட்டிலும் தோட்டத்திலும் இருக்கிறது. அருகிலுள்ள ஊரைத் தேடிவரும். நெடுங்கேணி அண்ணை சொல்லும் கதவு திறக்கும் கூட்டம் அப்படி வந்ததாக இருக்கலாம். பிடித்த இடத்தில் வெற்றிடம் வேறு. அங்கே குப்பை அப்படியே கிடந்தால் அடுத்த கூட்டம் வந்து சேரும்.

5. கறிமிளகு (மாத்தளை)

நெடுங்கேணி அண்ணா, நீங்கள் கதையென்று சொல்வது எங்களுக்குக் கதையில்லை. நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். டவுனில் கடைக்காரரும் விடுதிக்காரரும் முறைப்பாடு செய்தால் கூடு வைத்துப் பிடிக்கிறார்கள். பிடித்ததை எங்கே விடுவார்கள்? கூச்சல் போட ஆளில்லாத இடத்தில். எங்கள் லயத்துக்கு மேலே ஒரு காடு இருக்கிறது, வாகனம் அது வரைக்கும் போகும். ஒருநாள் விடிய எழுந்தால் கூரைத் தகரத்தில் தடதடவென்று சத்தம்.

இதை ஏன் யாரும் விவசாயச் சேதமாகவே எழுதுவதில்லை? லயத்துக்கு முன்னால் உள்ள நாலு பாத்தியில் போஞ்சியும் கரட்டும் வைக்கிறோம். மரவள்ளி வைக்கிறோம். அது விற்கிற பயிரில்லை, இராச்சாப்பாடு. தேயிலை எடுக்கப் போன அம்மாவுக்குப் பாத்தியைக் காவல் காக்க நேரமில்லை. ஆயாவும் ஓய்வெடுத்த தாத்தாவும் தடியோடு திண்ணையில் இருப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை புத்தகத்தை வைத்துவிட்டு அடுத்த முறைக்குப் போகும். அந்தக் காவலுக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? எத்தனை தேங்காய் போனது, எத்தனை கோடி நட்டம் என்று அமைச்சில் கணக்குச் சொல்லும்போது இந்தத் தடியோடு இருந்த மணித்தியாலங்கள் எந்தக் கணக்கில் வருகின்றன?

6. தோப்புக்காரன் (பொள்ளாச்சி)

இந்தியாவிலிருந்து ஒரு குரல். நம்ம ஊர் நாட்டுக்குரங்கும் உங்க செங்குரங்கும் ஒரே வகையறா, தூரத்துப் பங்காளி. ஆனமலை அடிவாரத்துல இதே பாடுதான். வால்பாறை பக்கம் சிங்கவால் குரங்கு, உலகத்துலயே மேற்குத் தொடர்ச்சி மலையில மட்டும் இருக்கிற ஜாதி, புதுத்தோட்டம் எஸ்டேட்டுல வீட்டு அடுப்படி வரைக்கும் வருது.

ஆனா பெரிய உதாரணம் இமாசலப் பிரதேசம். அங்கே செம்முகக் குரங்கு. 2004ல வனத்துறை எண்ணினப்போ சுமார் 3.17 லட்சம். ஆப்பிள், மக்காச்சோளம் எல்லாம் போச்சு, பல பேர் வயலைத் தரிசா விட்டாங்க. 2006-07 வாக்குல கருத்தடை ஆரம்பிச்சாங்க. பிடிச்சு, அறுவை பண்ணி, பிடிச்ச இடத்துலயே திரும்ப விடுறது. பிடிச்சுத் தர்றவருக்குத் தலைக்கு இவ்வளவுன்னு காசு. இதுவரைக்கும் ஒன்றரை லட்சத்துக்கும் மேல பண்ணியிருக்காங்க. 2015ல எண்ணிக்கை சுமார் 2.07 லட்சம், 2020ல 1.36 லட்சம்னு கணக்கு வந்தது.

நடுவுல இன்னொன்னும் பண்ணாங்க. 2016ல சிம்லாவுல குரங்கைத் தீங்குயிர்னு அறிவிச்சு, அப்புறம் பல தாலுகாவுக்கு நீட்டிச்சாங்க. அதாவது கொல்லலாம்னு சட்டமே சொல்லிடுச்சு. எத்தனை பேர் கொன்னாங்க? விரல் விட்டு எண்ணலாம். துப்பாக்கி கையில எடுக்க எந்த விவசாயியும் தயாரா இல்லை. நெடுங்கேணிக்காரர் மாமியார் சொன்னதுதான் அங்கேயும். கொடிகாமம் ஐயா மன்னிக்கணும், சட்டம் வந்தாலும் கை வராது.

7. கொடிகாமத்தான்

நான் சுட மாட்டேன் என்றா நினைக்கிறீர்? சரி, விடுவம். கருத்தடை செய்த குரங்கு தென்னையில் ஏறாதா? அதைச் சொல்லும்.

8. தோப்புக்காரன்

ஏறும் ஐயா. அதுதான் விஷயம். கருத்தடை பண்ணின குரங்கு நாளைக்கும் பசியோடதான் வரும். அது இருபது வருஷம்கூட இருக்கும். குறையறது அதோட பேரன் பேத்தி காலத்துல. இமாசல விவசாயி எண்ணிக்கை குறைஞ்ச பிறகும் புலம்பறதை நிறுத்தலை. நம்ம வயலுக்கு வர்ற கூட்டம் ஒண்ணுதானே, மாநிலத்துல மொத்தம் எத்தனைன்னு நமக்கென்ன.

9. கணக்குப்பிள்ளை (கொழும்பு)

மொத்தம் எத்தனை என்ற இடத்துக்கு வந்ததால் ஒரு வார்த்தை. 2025 மார்ச் 15, சனிக்கிழமை, காலை 8 மணி முதல் 8.05 வரை நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பு ஞாபகம் இருக்கிறதல்லவா. அவரவர் வளவில் நிற்கும் குரங்கு, மந்தி, மயில், மர அணில் எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் பார்த்து எழுதுங்கள் என்று படிவம் கொடுத்தார்கள். ஒரே நேரத்தில் எண்ணினால் ஒன்றை இரண்டு தடவை எண்ணும் வாய்ப்புக் குறையும் என்பதுதான் நோக்கம், அது நியாயம். பிறகு வெளியான தொகை செங்குரங்கு ஏறத்தாழ 51.7 இலட்சம், மந்தி 17.4 இலட்சம், மயில் 42.4 இலட்சம்.

2023இல் இதே நாட்டில் செங்குரங்கு 20 முதல் 30 இலட்சம் என்று சொன்னார்கள். இரண்டே ஆண்டில் இரட்டிப்பாகும் விலங்கு அல்ல அது. சோலைக்காடு எழுதியதைப் பாருங்கள், தடவைக்கு ஒரு குட்டி. ஆகவே இரண்டில் ஒன்றோ இரண்டுமோ நம்பத்தக்கதல்ல. ஐந்து நிமிடத்தில் ஒரு கூட்டம் உங்கள் வேலியில் இருந்து பக்கத்து வேலிக்குப் போய்விடும். நட்டம் பட்டவர் எண்ணும்போது கை கொஞ்சம் தாராளமாகும், அதுவும் மனித இயல்பு. காட்டுக்குள் நிற்பதை எண்ண ஆளில்லை.

இதை நையாண்டியாகச் சொல்லவில்லை. பல ஆண்டுகளாக வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னதற்கு இது பரவாயில்லை. ஆனால் இந்தத் தொகையை வைத்துக்கொண்டு எத்தனை ஏற்றுமதி, எத்தனை கொலை என்று முடிவெடுக்கப் போனால்தான் பிழை.

10. கறிமிளகு

ஏற்றுமதி என்றதும் அந்தச் சீனக் கதை ஞாபகம் வருகிறது. அது என்ன ஆனது?

11. கணக்குப்பிள்ளை

2023 ஏப்ரலில் அப்போதைய விவசாய அமைச்சர் மகிந்த அமரவீர, சீனாவில் உள்ள ஆயிரம் மிருகக்காட்சிசாலைகளுக்கென்று ஒரு இலட்சம் செங்குரங்கு கேட்டிருக்கிறார்கள் என்றார். கேட்டது அரசு அல்ல, ஒரு தனியார் நிறுவனம் என்று பிறகு தெரிந்தது. தங்களுக்கு அப்படி ஒன்றும் தெரியாது என்று சீனத் தூதரகம் சொன்னது. சூழல் அமைப்புகள் நீதிமன்றம் போயின, ஏற்றுமதி நடக்காது என்று அரசுத் தரப்பு அங்கே சொல்ல விஷயம் அடங்கியது. ஆயிரம் மிருகக்காட்சிசாலைக்கு நூறு நூறாக ஒரே இனக் குரங்கு எதற்கு என்ற கேள்விக்குக் கடைசி வரை பதில் இல்லை. ஆய்வுகூடத்துக்குத்தான் என்று பலர் சந்தேகப்பட்டார்கள். இந்தியா செம்முகக் குரங்கு ஏற்றுமதியை 1978இல் நிறுத்தியதும் அந்த மாதிரிக் காரணத்துக்குத்தான், அமெரிக்காவில் ஆயுதச் சோதனைக்குப் பயன்படுத்தினார்கள் என்று தெரியவந்த பிறகு.

சரி, மறுபக்கமும் பாருங்கள். செய்தி வந்த அன்று கொழும்பில் உள்ளவர்கள் ஐயோ குரங்கு என்றார்கள். கமக்காரர் பலர் ஒரு இலட்சம்தானா என்று கேட்டார்கள்.

12. நெடுங்கேணிக்கமம்

அந்தப் பலரில் நானும் ஒருவன். இப்போது கேட்டாலும் அதையே சொல்வேன்.

கொழும்புக்காரருக்குக் குரங்கின் அருமை தெரிந்தது 2025 பெப்ரவரி 9ஆம் திகதிதான். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு போய்ப் பட்டு, ஞாயிற்றுக்கிழமை பகல் நாடு முழுக்க மின்சாரம் போனதே, அன்றைக்கு. அடுத்தடுத்த நாட்களும் மின்வெட்டு. நுரைச்சோலை அனல்மின் நிலைய இயந்திரங்கள் நின்றுபோனதால். ஒரு குரங்கு தொட்டு விழும் மின்கட்டமைப்பை வைத்துக்கொண்டு குரங்கைக் குறை சொல்கிறார்களே என்று பொறியியலாளர்கள் சொன்னார்கள், அதுவும் சரிதான். ஆனால் எங்களுக்கு ஒவ்வொரு நாளும் விழுகிறது, அது செய்தியில் வருவதில்லை.

13. தேங்காய்_விலை_என்ன (குருநாகல்)

குரங்கு தின்பதால்தான் தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியது என்று மேடையில் பேசினார்களே. அதில் எவ்வளவு உண்மை?

14. சோலைக்காடு

பங்கு உண்டு, முழுக் காரணம் அல்ல. தென்னைக்கு வெயிலும் மழையும் அடித்த பாதிப்பு ஓராண்டு கழித்துத்தான் காயில் தெரியும். பாளை விரிந்து காய் முற்ற ஏறத்தாழ ஒரு வருடம் எடுக்கும். உரம் இல்லாமல் விட்ட ஆண்டுகளின் பலனும் பின்னால்தான் வரும். வெள்ளை ஈ இருக்கிறது. காணியைத் துண்டு துண்டாக விற்று வீடு கட்டியதும் இருக்கிறது. குரங்கின் மேல் போட்டால் ஒருவரும் பதில் சொல்லத் தேவையில்லை, அவ்வளவுதான்.

15. கவாசாகி_தமிழன் (ஜப்பான்)

இழை முழுக்கப் படித்தேன். இங்கே கிராமப்புறத்தில் வேலை செய்த காலத்தில் பார்த்ததைச் சொல்கிறேன், பயன்படலாம்.

ஜப்பானிலும் குரங்குத் தொல்லை கடுமை. செந்நிற முகம், மொட்டை வால், பனியில் வெந்நீரில் குளிக்கும் படத்தில் எல்லோரும் பார்த்த அதே குரங்குதான். ஆண்டுக்கு 20,000க்கு மேல் பிடித்துக் கொல்கிறார்கள். அப்படியும் தொல்லை தீரவில்லை. காரணத்தை அவர்களே கண்டுபிடித்திருக்கிறார்கள். கண்டபடி பிடித்தால், தோட்டத்துக்கு வரும் கூட்டம் எது, வராத கூட்டம் எது என்று பார்க்காமல் பிடித்தால், கூட்டம் உடைந்து இரண்டு இடத்தில் தொல்லை ஆகிறது. அதனால் இப்போது பல இடங்களில் முதலில் கூட்டத்தை எண்ணுகிறார்கள். ஒரு பெண் குரங்குக்கு வானொலிக் கழுத்துப்பட்டை மாட்டிவிடுவார்கள். பெண் கூட்டத்தை விட்டுப் போகாது அல்லவா, அதன் சமிக்ஞை வந்தால் கூட்டமே வருகிறது என்று அர்த்தம். ஊராருக்குக் கைப்பேசியில் தகவல் போகும்.

தகவல் வந்ததும் ஊரே கூடி விரட்டும். இங்கேதான் வித்தியாசம். உங்கள் காணிக்குள் வந்தால் நீங்கள் விரட்டுவது, என் காணிக்குள் வந்தால் நான் விரட்டுவது என்றால் குரங்குக்கு அது விளையாட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் போய் உட்காரும். அங்கே யாருடைய காணியாக இருந்தாலும் பக்கத்தில் உள்ளவர்கள் எல்லோரும் போய்க் காட்டு எல்லை வரைக்கும், சில இடத்தில் காட்டுக்குள்ளும், துரத்திக்கொண்டு போகிறார்கள். நாகானோ மாகாணத்தில் இதற்கென்று பழக்கிய நாய்களும் உண்டு.

அடுத்தது தீனி. கிழவர்கள் மட்டும் மிஞ்சிய ஊர்களில் பறிக்க ஆளில்லாமல் சீமைப் பனிச்சைப் பழம் மரத்திலேயே பழுத்துத் தொங்கும். பறித்துப் போட்ட கோவா இலை, விலைபோகாத வெங்காயம் எல்லாம் வயலோரம் குவிந்து கிடக்கும். யாருக்கும் அது சேதமாகத் தெரியாது, தனக்குத் தேவையில்லாததைத்தானே தின்கிறது என்று விட்டுவிடுவார்கள். குரங்கு ஊரைப் படிப்பது அங்கேதான். அந்த மரங்களை வெட்டவும் கழிவைப் புதைக்கவும் ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

கடைசியாக வேலி. ஹியோகோ மாகாணத்தில் ஒஜிரோ என்ற இடத்தில் உருவாக்கிய ஒரு வேலி உண்டு. கீழே வலை, மேலே மின்கம்பிகள். வழக்கமான வேலியில் குரங்கு கம்பியைத் தொடாது, கம்பத்தைப் பிடித்து ஏறிவிடும். இதில் கம்பத்தின் மேல்பகுதியிலும் மின்சாரம் பாயும். ஏறும்போது எங்கே பிடித்தாலும் அடி. துடித்துத் துடித்து விட்டுவிட்டு வரும் மின்சாரம், ஆளைக் கொல்லாது. பக்கத்து மரக்கிளை வேலிக்கு மேலே நீட்டிக்கொண்டு இருந்தால் எல்லாம் வீண், பாய்ந்து உள்ளே வந்துவிடும். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டாலும் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். வேலி போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தவர்கள் அடுத்த பருவத்திலேயே திட்டினார்கள்.

16. நெடுங்கேணிக்கமம்

இதைத்தான் தேடினேன் தம்பி. நன்றி. எங்களிடம் உள்ள யானை வேலியில் இரண்டு கம்பிதான், குரங்கு அதற்கு நடுவால் நடந்து போகிறது. சோளத்துக்கும் கச்சானுக்கும் நீர் சொன்ன வேலி சரிவரும். தென்னைக்கு என்ன செய்வது?

17. தோப்புக்காரன்

தென்னைக்கு வேலி உதவாது. தனியா நிக்கிற மரத்துக்கு அடிமரத்தைச் சுத்தித் தகரம் அடிச்சா எலியும் அணிலும் ஏறாது, குரங்குக்கும் ஓரளவு தடை. ஆனா தோப்புல மட்டை மட்டையோட உரசிக்கிட்டு நிக்குது. ஒரு மரத்துல ஏறினா மட்டை வழியாவே தோப்பு முழுக்க சுத்தி வந்துடும். ஓரத்து மரங்களையும், காட்டுக் கிளை தொடுற இடத்தையும் வெட்டிவிட்டு, ஓர வரிசைக்கு மட்டும் தகரம் அடிச்சுப் பார்த்த ஆட்கள் இருக்காங்க. கூடவே ஆள் காவல் வேணும். முழுசா தடுக்கும்னு நான் சொல்ல மாட்டேன்.

18. மணல்காடு77 (மன்னார்)

எதற்கு இவ்வளவு? பெரிய மின்சாரத்தில் ஒரு கம்பி இழுத்துவிட்டால் முடிந்தது. அல்லது வாழைப்பழத்தில்

(மீதிப் பகுதி மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது)

19. மட்டுறுத்துநர்

நஞ்சு வைப்பது, வீட்டு மின்னிணைப்பில் இருந்து நேரடியாகக் கம்பி இழுப்பது பற்றி இங்கே யாரும் செய்முறை எழுத வேண்டாம். நேரடி மின்கம்பியில் ஒவ்வொரு ஆண்டும் யானைகளும் மனிதர்களும் சாகிறார்கள், அது சட்டப்படி குற்றம். நஞ்சு தின்ற குரங்கை நாயும் தின்னும், கிணற்றடியிலும் விழும். இன்னொன்று, கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் விசர்நாய்க்கடி ஊசி பற்றிக் கேளுங்கள். மஞ்சள் பூசிவிட்டு வீட்டில் இருக்க வேண்டாம்.

20. கொடிகாமத்தான்

கோயிலில் பழம் போடுபவர்களுக்கும் ஒரு விதி எழுதும் மட்டுறுத்துநர். எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை தோறும் சீப்புச் சீப்பாக வாழைப்பழம் வாங்கிக் குரங்குக்குப் போட்டு, கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு காரில் போகிறார்கள். புண்ணியம் அவர்களுக்கு, மாமரம் எனக்கு.

21. சோலைக்காடு

ஐயா சொன்னதில் இதோடு நூறு வீதம் உடன்படுகிறேன்.

அரசு தற்போது பேசும் இரண்டு வழிகளையும் சொல்லிவிடுகிறேன். மாத்தளையில் பிடித்துக் கருத்தடை செய்யும் முன்னோடித் திட்டம் ஒன்று. அதை வரவேற்கிறேன், ஆனால் தோப்புக்காரர் சொன்னதுபோல் பல ஆண்டு விடாமல் செய்தால்தான் பலன். ஒரு வரவுசெலவுத் திட்டத்தில் காசு ஒதுக்கி அடுத்ததில் மறந்தால் பிடித்த செலவும் வீண். இரண்டாவது, நீர்த்தேக்கத்தில் உள்ள தீவில் கொண்டுபோய் விடும் யோசனை. தீவில் உள்ள மரம் எத்தனை குரங்குக்குக் காய்க்கும்? தின்று முடிந்ததும் யார் படகில் சாப்பாடு கொண்டுபோவது? செங்குரங்குக்கு நீந்தவும் தெரியும். வீட்டைக் கூட்டிக் குப்பையை அயலான் வளவுக்குள் தள்ளுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

22. கறிமிளகு

வேலி, நாய், கழுத்துப்பட்டை எல்லாம் வாசித்தேன். நல்ல யோசனைகள். ஆனால் வேலி அடிக்கக் காணி சொந்தமாக இருக்க வேண்டுமே. லயத்துப் பாத்தியில் ஒரு கம்பம் நடுவதென்றாலும் தோட்ட நிருவாகத்திடம் கேட்க வேண்டும். மானியத்தில் வேலி கொடுத்தால் காணி உறுதிப்பத்திரம் உள்ளவருக்குக் கொடுப்பார்கள். எங்களிடம் உறுதி ஏது? வேலி அடித்த காணியில் நுழைய முடியாத கூட்டம் வேலி இல்லாத இடத்துக்குத்தானே வரும்? அதாவது மறுபடியும் எங்களிடம்.

நான் கேட்பது ஒன்றுதான். பிடித்த குரங்கை எங்கே விடுகிறார்கள் என்று எழுத்தில் இருக்க வேண்டும். விடும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ளவர்களிடம் முதலில் கேட்க வேண்டும். இப்போது கேட்பது பிடிக்கச் சொன்னவரிடம் மட்டும்.

23. கணக்குப்பிள்ளை

இதைத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்கலாமே தங்கச்சி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். எந்தத் திகதி, எங்கே பிடித்தது, எத்தனை, எங்கே விட்டது, யார் அனுமதித்தது. வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் தனித்தனியாக எழுதுங்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவதைத் தவிர்க்கலாம். பதிவு இல்லை என்று பதில் வந்தால் அதுவும் ஒரு பதில்தான், அதை வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

24. நெடுங்கேணிக்கமம்

கறிமிளகு தங்கச்சி, நீர் அங்கே எழுதும், நான் இங்கே எழுதுகிறேன். உங்கள் மாவட்டத்தில் ஏற்றிய திகதியும் எங்கள் பக்கத்தில் இறக்கிய திகதியும் பொருந்துகிறதா என்று பார்த்துவிடுவம்.

மற்றது, பக்கத்துக் காணிக்காரர் சிலரோடு கதைத்தேன். கச்சான் விதைக்கும் கிழமையும் சோளம் பால் பிடிக்கும் கிழமையும் எல்லோரும் முறை வைத்துக் காவல், யாருடைய காணியில் நுழைந்தாலும் சேர்ந்து துரத்துவது என்று பேச்சு. ஒருவர் மட்டும் தன் காணிக்கு வராதவரை தனக்கென்ன என்கிறார். அவருடைய காணிதான் காட்டோரம்.

கவாசாகி தம்பி, அந்த வேலியில் வலைக்கு மேலே எத்தனை கம்பி, கம்பிக்கும் கம்பிக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்று அளவு தெரிந்தால் போடும். இங்கே யானை வேலிக்கு விற்கும் சூரியமின் பெட்டியே போதுமா என்றும் பார்க்க வேண்டும். தகவல் கோரும் விண்ணப்பத்தைச் சிங்களத்தில் எழுதித் தரக்கூடியவர் யாராவது இருந்தால் தனிமடல் போடுங்கள்.